கியர்பாக்ஸுக்குள் ஒரு நீல நூல்

என் மனைவியை ரேஸ் மைதானத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘மூணு டொக்கு’ என்றால்தான் தெரியும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் முன்பக்கத்தில் பூசணிக்காய் அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை உட்காரும். கன்வெர்ட்டர் என்பார்கள். அதைத் திருப்பித் திருப்பி உள்ளே தள்ளும்போது மூன்று முறை ‘டொக்’ என்று இறங்க வேண்டும். இரண்டோடு திருப்திப்பட்டு போல்ட்டை முடுக்கியவர்களின் ஆயில் பம்ப் அன்றே நொறுங்கிவிடும். மூன்றாவது டொக் கேட்கும்வரை அவள் பக்கத்தில் யாரையும் இருமக்கூட விடமாட்டாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

நான் தையல்காரன். வீட்டின் முன்னறை என் கடை, பின்னறை அவள் பட்டறை. நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு. கல்யாணமான மூன்றாம் மாதம் அவளே பிரஷ்ஷும் டப்பாவுமாகக் குந்தி உட்கார்ந்து போட்டது.

“உங்க துணி, நூல், பஞ்சு எதுவும் இதைத் தாண்டக் கூடாது” என்றாள்.

“நான்?”

“நீங்க தாண்டலாம். சட்டையை உதறிட்டு.”

அவள் பட்டறையில் துணி என்பதே கிடையாது. கை துடைக்கக்கூடக் காகிதம்தான். கழுவிய பாகங்களைக் காற்றடித்தே உலர்த்துவாள். துணியை வைத்தே சோறு சாப்பிடுகிறவனுக்கு இது கொஞ்சம் உறுத்தல்தான். பதினெட்டு வருஷமாக வெளியே காட்டிக்கொள்ளாமல் இருந்தேன்.

அவள் தங்கை, அதாவது என் கொழுந்தி, வாரம் முழுக்கப் பல் டாக்டரிடம் உதவியாளர். ஞாயிறானால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு டிராக் ரேஸில் கார் ஓட்டுவாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கார்கள், நேரான பாதை, பச்சை விளக்கு, பத்து நொடி, அவ்வளவுதான். அந்தப் பத்து நொடிக்காக அக்காவும் தங்கையும் மூன்று மாதம் பேசுவார்கள்.

காரின் கியர்பாக்ஸ் முழுக்க முழுக்க என் மனைவியின் கைவேலை. யாரோ ஒரு நிதானமான மனிதர் மளிகை வாங்கப் போய்வந்த பழைய காரிலிருந்து கழற்றியது. தடிமனான ஷாஃப்ட் போட்டாள். கிளட்ச் அடுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு பிளேட் கூடுதலாகச் சேர்த்தாள். முதல் நாளே பிளேட்டுகளை எண்ணெயில் ஊறப் போட்டுவிட்டு, மறுநாள் ஒவ்வொன்றாக அடுக்கி, இடைவெளியை மெல்லிய தகடு நுழைத்து அளப்பாள். அடுக்கும்போது ஒரு மெட்டை முனகுவாள். சுருதி சுத்தமாகக் கிடையாது, நாலாவது வரிக்கு மேல் போகவும் போகாது. ஆனால் அந்த முனகல் கேட்டால் வேலை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

இந்த வருஷத்துப் புதுச் சேர்க்கை, ஒரு பிரேக் வால்வு. ஸ்டியரிங்கில் உள்ள பட்டனை அழுத்தினால் கியர்பாக்ஸ் முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் கார் அசையாது. பட்டனை விட்டால் ரிவர்ஸ் விடுபட்டு, கார் பாய வேண்டும். இதைச் செய்வது பென்சில் தடிமனில் சில அலுமினியத் தண்டுகள். அலுமினியக் கட்டையில் உள்ள துளைகளில் முன்னும் பின்னும் வழுக்குவது மட்டும்தான் அவற்றின் வேலை.

அந்தத் தண்டுகளைக் கழுவி ஒரு தட்டில் பரப்பிவிட்டு, எண்ணெய் வாங்க அவள் வெளியே போனாள். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எல்லாம் ஈரமாக இருந்தன. துருப்பிடித்துவிடுமே என்று மனசு கேட்கவில்லை. என்னிடம் இருந்ததிலேயே மிருதுவான பருத்தித் துண்டை எடுத்தேன், கருநீலம், ஒரு சட்டை தைத்ததில் மிச்சம். சட்டையை உதறிக்கொண்டு உள்ளே போய் ஒவ்வொரு தண்டையும், ஒவ்வொரு துளையையும் அருமையாகத் துடைத்து வைத்தேன். சத்தமில்லாமல் செய்கிற உதவிதான் பெரிது என்று அவளிடம் சொல்லவில்லை. திட்டு விழும் என்பதும் ஒரு காரணம்.

அந்த ஞாயிறு பச்சை விளக்கு எரிந்தது, கொழுந்தி பட்டனை விட்டாள், கார் அரை நொடி யோசித்துவிட்டுக் கிளம்பியது. டிராக் ரேஸில் அரை நொடி என்றால் பக்கத்துக் காரின் பின்விளக்கை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். என் மனைவி எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, மறுபடி பரப்பி வைத்தாள். நல்ல கணவன் ஒருமுறை உதவியதோடு நிறுத்துவானா? மறுபடி துடைத்தேன்.

அடுத்த ரேஸில் கார் கிளம்பவே இல்லை. அடியிலிருந்து புகை வந்தது. ரிவர்ஸ் பிளேட்டுகள் கருகிப்போயிருந்தன.

கொழுந்தி தரையைப் பார்த்தபடியே ஹெல்மெட்டைக் கழற்றினாள். “அக்கா, கோச்சுக்காதே. மேம்பாலத்துக்கிட்ட அந்தப் பெரிய ஒர்க்‌ஷாப்ல பேசியிருக்கேன். வியாழக்கிழமை வந்து எடுத்துட்டுப் போறேன்.”

“சரி” என்றாள் என் மனைவி.

கியர்பாக்ஸைக் கொடுத்துவிடுவதற்கு முன் காரணம் தெரியாமல் அவளால் இருக்க முடியவில்லை. மூன்று நாள் கழற்றிப் பார்த்தாள். ஒரே இடைவெளியை நாலு முறை அளந்தாள். முனகல் நின்றுபோயிருந்தது. புதன்கிழமை ஒரு தண்டு துளைக்குள் தயங்கியது. பூதக்கண்ணாடியும் இடுக்கியுமாக அங்கிருந்து இரண்டு நூலிழைகளை எடுத்தாள். கருநீலம்.

பட்டறையில் உடுத்தும் ஓவராலின் கையைத் திருப்பிப் பார்த்தாள். அதுவும் கருநீலம், நான் தைத்துக் கொடுத்தது.

“நான்தாங்க” என்றாள். “என் ஓவரால் கைதான் பட்டிருக்கு. பதினெட்டு வருஷம் கழிச்சு இந்தத் தப்பு. அவ எடுத்துட்டுப் போறதே நல்லது. இனிமே என் கையை நானே நம்ப மாட்டேன்.”

நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே அந்த இழைகளைப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை. அன்று முழுக்க ஒரு காலரை மூன்று முறை பிரித்துத் தைத்தேன். இவ்வளவு கோழையாக இருக்கிறேனே என்று எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

வியாழக்கிழமை கொழுந்தி வேனோடு வந்தாள். என் மனைவி பாகங்களைப் பெட்டிகளில் போட்டு ஒவ்வொன்றிலும் அளவு எழுதி ஒட்டியிருந்தாள். முதல் பெட்டியை வேனில் ஏற்றினார்கள்.

“இருங்க. அந்த நூல் எங்கே?” என்றேன்.

இழைகளைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். ஒன்றைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தேன். அதற்குள் அவள் ஓவரால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவினேன். இரண்டு பேரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். தீக்குச்சியைக் கிழித்து முதலில் ஓவரால் நூலைக் காட்டினேன். சுருங்கி, உருகி, கறுப்பு மணியாகிவிட்டது.

“இது பாலியஸ்டர். பஞ்சு உதிராதுன்னுதான் உனக்கு இதுல தைச்சேன். இப்போ பாரு.”

வால்வில் கிடைத்த இழையைக் காட்டினேன். காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து சாம்பலாக உதிர்ந்தது.

“இது பருத்தி. உன் கை இல்ல. என் கை. ஈரமா இருக்கேன்னு துடைச்சேன். ரெண்டு தடவையும்.”

“மாமா!” என்றாள் கொழுந்தி. “ரெண்டு ரேஸு மாமா! உங்களை வாயில பஞ்சு வெச்சு டாக்டர் நாற்காலியில கட்டிப்போடணும்!”

என் மனைவி என்னைத் திட்டவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “அப்போ நான் இல்லையா?” என்றாள். “நிஜமாவா? நான் இல்லையா?” சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு. திட்டு அரைமணி கழித்து வந்தது, வட்டியோடு. அலுமினியம் எங்கேயாவது துருப்பிடிக்குமா என்பதில் தொடங்கி என் அம்மா வளர்த்த விதம்வரை போனது. நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

கொழுந்தி வேனிலிருந்து பெட்டியை இறக்கினாள். “ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமாக்கா?”

“நீ கூட இரு. முடியும்.”

சனிக்கிழமை மாலை கன்வெர்ட்டரை ஏற்றினார்கள். நான் என் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டொக். டொக். கொஞ்சம் திருப்பினாள். டொக்.

ஞாயிறு பச்சை விளக்கு எரிந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கார் பாதையின் மறுகோடியில் இருந்தது, பக்கத்துக் கார் இரண்டு கார் நீளம் பின்னால். கொழுந்தி திரும்பி வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, அக்காவின் இரண்டு கைகளையும் எண்ணெயோடு பிடித்துக்கொண்டாள். ஒர்க்‌ஷாப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

மஞ்சள் கோட்டுக்கு இப்போது புதுப் பெயிண்ட் அடித்தாயிற்று. கோடு என் பக்கமாக இரண்டடி நகர்ந்து வந்திருக்கிறது, தையல் மெஷினின் முன்கால் அவள் எல்லையில் நிற்கிறது. நேற்று அவள் வேறு யாருடைய கியர்பாக்ஸுக்கோ பிளேட் அடுக்கிக்கொண்டிருந்தாள். நாலாவது வரிவரை முனகிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.