கட்டைக்குக் கட்டை

படுத்த படுக்கையான அம்மா, தான் பிறந்த லைன் வீட்டு மண்ணில் ஒரு பிடி கேட்டாள். தாத்தா ரயில்வேயில் கேங்மேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டியிருந்த அந்த நான்கு வீடுகளும் இப்போது இல்லை, தண்டவாளமும் இல்லை. ஒரு பகல் முழுக்க அலைந்து சலித்துப்போனேன். எந்த மண்ணாக இருந்தால் என்ன, அம்மாவுக்கா தெரியப்போகிறது என்று வயலோர மேட்டில் குந்தி ஒரு பிடி அள்ளினேன்.

களை பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்தார். "லைன் வீட்டு ஆளுங்களா?"

"எப்படித் தெரியும்?"

"தண்டவாளத்து சிலிப்பர் கட்டைக்குக் கட்டை கால் வைக்கிற மாதிரியே வந்தீங்களே. அவங்க நடையே அதுதான். கட்டையப் பிடுங்கி எத்தன வருசமாச்சு." சிரித்தவர், என் கையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "அடுப்படி அங்கதான் இருந்துச்சுன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லை. கையை விரித்தேன். மண்ணுக்குள், லைன் வீடுகளில் அடுப்பெரித்த என்ஜின் கரித்துண்டுகள் மின்னின.

தண்டவாளத்தில் நான் ஒருநாளும் நடந்ததில்லை. அம்மா கையைப் பிடித்து நடை பழகியவன், அவ்வளவுதான்.

அம்மா முகர்ந்து பார்த்து, "கரி வாசம் இன்னும் போகலடா" என்றாள். ஏமாற்றத்தான் அள்ளினேன் என்று அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை. இப்போதும் தனியாக நடக்கும்போது என் கால்களைக் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.