மூன்று பெயரில் ஒரே நெஞ்சு

என் மச்சான் கந்தப்பனின் நெஞ்சுப் படம் மூன்று ஊர்களில் மூன்று பெயரில் எடுக்கப்பட்டது. மல்லசமுத்திரத்தில் குச்சிக்கிழங்கும் நிலக்கடலையும் போட்டுப் பிழைத்த மனிதருக்கு எதற்கு மூன்று பெயர் என்று கேட்பீர்கள். எல்லாம் என் அக்கா சென்னியம்மாள் செய்த வேலை. மகள் சௌந்திரத்துக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அப்பனுக்கு டி.பி. என்று தெரிந்தால் எவன் வாசற்படி மிதிப்பான்? எண்பதாம் வருடம் நாமக்கல்லில் சின்னண்ணன், மறுவருடம் ஈரோட்டில் அருணகிரி. ஊசி மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

சளியில் கிருமி ஒரு தடவைகூட அகப்படவில்லை. படத்தில் வெள்ளைத் திட்டு இருக்கிறது, டி.பி.யேதான் என்றார்கள். ஊசி குத்திக் குத்தி மனிதருக்குக் காது மந்தமானதுதான் மிச்சம். இருமல் நின்றபாடில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

எண்பத்து மூன்றில் அக்காவோடு சண்டை போட்டு, சேலத்தில் ஒரு டாக்டரிடம் மச்சானை அவர் சொந்தப் பெயரிலேயே காட்டினேன். புதுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் பழையதைக் கேட்டார். டி.பி. என்றால் மருந்துக்குக் குறைந்திருக்கும், இல்லையேல் ஆளையே தின்றிருக்கும், இப்படி உட்கார்ந்திருக்காது என்றார். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கிண்டி இரண்டு படத்தையும் கொண்டுவந்து கொடுத்தேன். பெயரைப் படித்தவர், ஊரான் படத்தைக் கொண்டுவந்து விளையாடுகிறாயா என்று மேசைமேல் வீசினார்.

"மூணும் ஒரே ஆளுதானுங்க. புள்ள கண்ணாலத்துக்குப் பயந்து பேர மாத்திச் சொல்லிப்புட்டமுங்க" என்றேன். சொல்லும்போதே உடம்பு கூசியது.

அவர் நம்பவில்லை. மச்சான்தான் சட்டையைத் தூக்கி, கிணற்றில் விழுந்து ஒடிந்து கோணலாகச் சேர்ந்த விலா எலும்பைத் தொட்டுக் காட்டினார். மூன்று படத்திலும் அதே கோணல். பக்கத்தில் அதே திட்டு, மூன்று வருடத்தில் ஒரு விரற்கடைதான் வளர்ந்திருந்தது. மறுபக்கம் மட்டும் புதிதாக ஒன்று.

சென்னைக்கு அனுப்பிச் சதை எடுத்துச் சோதித்தார்கள். நிணநீர்ப் புற்றுநோயாம். நுரையீரலிலேயே அது தொடங்குவது அபூர்வமாம். மெதுவாக வளர்வது, முதல் வருடமே தெரிந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் அறுத்து எடுத்திருக்கலாம், இப்போது இரண்டு பக்கமும் வந்துவிட்டது என்றார் டாக்டர்.

ஊருக்கு வந்து ஒன்றுவிடாமல் அக்காவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப டி.பி. இல்லதான சாமி?"

இல்லை என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. சௌந்திரத்துக்குப் பேசிக்கொண்டிருந்த சேந்தமங்கலத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அன்றைக்கே ஆள் அனுப்பச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன்.