சாவுக்கென்று வைத்த பணம்

சங்கத்தில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். கடைசல் பட்டறையில் இரும்பு சீவிக் காய்த்த கை. பத்தொன்பது வருடமாகத் தொழிலாளர் சகோதர சங்கத்தின் பொருளாளர். முன்னால் இருந்தவர் கையிருப்பைச் சுருட்டிக்கொண்டு போனதில், இறந்த ஓர் உறுப்பினரை அடக்கம் செய்யத் தெருத்தெருவாகத் துண்டேந்த வேண்டியிருந்தது. அந்த அவமானத்தில்தான், வைப்புநிதி சாவுச் செலவுக்கு மட்டும் என்று இவர் விதி எழுதினார்.

தங்கையின் கணவரும் அதே சங்கம்தான். அவருக்கு நெஞ்சில் அடைப்பு. ஆபரேஷனுக்குப் பணம் குறைந்தது.

"கடனாத்தான் கேக்குறேண்ணே. நீ கையெழுத்துப் போட்டா போதுமாம்."

"ஊர்ப்பணம்மா. இன்னிக்கு நான் எடுத்தா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஒரு மாப்பிள்ளையக் கூட்டிட்டு வருவான்."

"அப்ப எல்லாரையும் கூப்பிட்டுக் கேளு."

விதியை மாற்றும் கூட்டத்துக்கு இருபத்தொரு நாள் நோட்டீஸ் தரவேண்டும். அன்றே ஒட்டினார். மனைவியின் வளையல்களை அடகு வைத்தார். அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. பதினேழாம் நாள், பட்டறைக் குழாயடியில் கை கழுவும்போதே மாப்பிள்ளை சரிந்தார். எழவில்லை.

சாவுப் பணம் மட்டும் இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது. பூட்டே கொண்டுபோய்க் கொடுத்தார்.

"எவ்வளவு?" என்றாள் தங்கை.

சொன்னார். ஆபரேஷனுக்குக் குறைந்த தொகையும் ஏறக்குறைய அதுவேதான்.

அவள் உறையைப் பிரித்து எண்ணினாள். ரசீதில் கையெழுத்துப் போட்டாள். "தூக்கி எறியணும்போல இருக்கு. அதுக்கும் ஒரு வசதி வேணும்ல?"

நான்கு நாள் கழித்து, நோட்டீஸில் சொன்னபடி கூட்டம் நடந்தது. வைத்தியத்துக்கும் கடன் தரலாம் என்று பூட்டே எழுந்து பேசினார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓய்வுபெற்ற வெல்டர் எழுந்தார். "எனக்குப் புள்ள குட்டி கிடையாது. எல்லாத்தையும் மருந்துக்குக் குடுத்துட்டா, என்னை எதை வச்சு எடுப்பீங்க?"

தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார். பதின்மூன்று கைகள் ஆதரவாக உயர்ந்தன, எதிராக இருபது. தீர்மானம் தோற்றது என்று பூட்டே ஏட்டில் எழுதினார். பிறகு, பதவியை விடுவதாகச் சொன்னார். அடுத்து யார் என்று தலைவர் கேட்டதும் கூட்டமே தரையைப் பார்த்தது.

இன்றும் அவர்தான் பொருளாளர். கடைவீதியில் எதிர்ப்பட்டால் தங்கை நிற்பாள். "அண்ணி சௌக்கியமா?" என்று கேட்பாள். அவரைப் பற்றிக் கேட்பதில்லை.