சூடாக இருந்த எஞ்சின்

ஆஸ்துமாக்காரியான அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அப்பா பழைய கார் தேடினார். பொழிச்சலூரில் எங்கள் சபை மூப்பர் ஒருவர் தம் காரை விற்பதாகச் சொன்னார். மெக்கானிக்கல் டிப்ளமா படித்த நான், சோதிக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டுக்கொண்டு அப்பாவுடன் போனேன். காலை ஏழு மணிக்கே எஞ்சின் சூடாக இருந்தது.

"அங்கிள், ஆறின எஞ்சின் ஸ்டார்ட் ஆகுதான்னு பார்க்கணும். நாளைக்கு வரட்டுமா?"

மூப்பர் அப்பாவிடம் சிரித்தார். "என்ன சார், உங்க பொண்ணு எனக்கே பரீட்சை வைக்குது?"

"ஞாயித்துக்கிழமை இவர் மூஞ்சியில எப்படிம்மா முழிக்கிறது?" என்று அப்பா என் காதில் முணுமுணுத்தார். நான் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தேன். அன்றே வாங்கினோம்.

இரண்டாவது வாரம் விடியற்காலையில் அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. கார் கிளம்பவே இல்லை. ஆட்டோ பிடித்துத் தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் அம்மாவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. பிழைத்தது கர்த்தர் கிருபை.

இப்போது கார் பார்க்க யார் கூப்பிட்டாலும், விற்பவர் தெரிந்தவரா என்று முதலில் கேட்கிறேன். ஆம் என்றால், அவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் போகிறேன்.