ராகு காலத்துக்கு முன் புறப்பட்ட படகு

சுவிஸில் ஷாஃப்ஹவுசனுக்கு வந்த நாள் முதல் ரைன் ஆற்றை நான் பஸ் ஜன்னலால்தான் பார்த்திருக்கிறேன். வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். போகும்போதும் வரும்போதும் பஸ் கரையோடு ஓடும். கோடை வந்துவிட்டால் தண்ணீர் முழுக்கப் படகுகள். அவற்றில் இருப்பவர்கள், என்ன சந்தோஷமோ, பஸ்ஸைப் பார்த்துக் கை காட்டுவார்கள். யாருக்குக் காட்டுகிறார்கள் என்று தெரியாமல் நான் கைப்பையைத் திறந்து எதையாவது தேடுவேன். ஆனால் ஒருநாளாவது அந்தத் தண்ணீரில் நானும் இருக்கவேண்டும் என்ற ஆசை மனதைவிட்டுப் போகவே இல்லை. கணவரிடம் சொன்னால், "ஆறு எங்கை போகப்போகுது, பிறகு பாப்பம்" என்பார். ஆறு என்னவோ போய்க்கொண்டுதான் இருந்தது.

கடைசியில் மகள்தான் என் பிறந்தநாளுக்கு எங்கள் இருவருக்கும் ஒரு பயணத்தைப் பதிந்து தந்தாள். வெள்ளிக்கிழமை வழிகாட்டியோடு காட்டுக்குள் நடை. இரவு ஒரு விவசாயியின் கொட்டிலில், வைக்கோலில் படுக்கை. சனிக்கிழமை, ஏரி முடிந்து ஆறு தொடங்கும் இடத்திலிருந்து ஷாஃப்ஹவுசன் வரை கனூ என்கிற துடுப்புப் படகில் வரவேண்டும். தப்ப வழியில்லாமல் இவரும் வந்தார்.

வந்த கோலத்தைச் சொல்லத்தான் வேண்டும். மடிப்புக் குலையாத காற்சட்டை, ஒரு கையில் குடை, மறுகையில் நான் முதல்நாள் முழுக்க நின்று பொரித்த கட்லட்டும் றோல்ஸும் நிறைந்த பை. எங்களோடு வந்தது ஓய்வுபெற்ற சுவிஸ் தம்பதி ஒன்று மட்டும். அவர்களுடைய மத்தியானச் சாப்பாடு ஆளுக்கொரு கரட்டும் ஒரு துண்டு சீஸும். கட்டையாக மயிர் வெட்டிய இளம் பெண்தான் வழிகாட்டி. எங்கள் பையைப் பார்த்துவிட்டு, இன்னும் ஆட்கள் வருகிறார்களா என்று கேட்டாள்.

மான் பார்க்க வேண்டுமானால் மூச்சுக்கூடக் கேட்கக்கூடாது என்று அவள் காட்டுக்குள் சொன்னாள். அசையாமல் நின்றோம். மரங்களுக்கு இடையில் இரண்டு மான்கள் வந்து நின்றன. அந்த நேரம் பார்த்து இவருடைய போன் அடித்தது. ஊரிலிருந்து தம்பி. "ஓம், ஓம், காட்டுக்கை நிக்கிறன். மான் பாக்கிறம். பொறு, காட்டிறன்" என்று போனைத் திருப்பிப் பிடித்தார். அதற்குள் மான்கள் நின்ற இடத்தில் மரங்கள்தான் நின்றன. "மான் எங்கை அண்ணை?" என்று தம்பி கேட்டது காடு முழுக்கக் கேட்டது. வழிகாட்டி மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு முன்னே நடந்தாள். இந்த நாட்டில் கோபம் அப்படித்தான் வரும்.

சனிக்கிழமை காலையில் உடுப்பில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தபோது, சந்தோஷத்தில் எனக்குப் பசிகூட எடுக்கவில்லை. மூன்று படகுகள் கிடந்தன. ஒன்று வழிகாட்டிக்கு, ஒன்று அந்தத் தம்பதிக்கு, ஒன்று எங்களுக்கு. எங்கள் படகை ஒரு ஆள் தனியாக ஓட்டமுடியாது, ஒன்பதரைக்குப் புறப்படுகிறோம் என்று வழிகாட்டி சொல்லிப் பாதுகாப்புச் சட்டைகளையும் துடுப்புகளையும் தந்தாள். இவர் போனில் எதையோ தட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"இஞ்சேரும், ஒன்பதுக்கு ராகு காலம் துவங்குது. பத்தரை வரைக்கும் பயணம் வெளிக்கிடேலாது."

"அதுக்கு?"

"அதுக்கென்ன, நீர் போம். நான் பஸ்ஸிலை வாறன்."

இவர் வராவிட்டால் நானும் பஸ்தான். எனக்கு உச்சியில் ஏறிய கோபத்தை அடக்கிக்கொண்டு, கொஞ்சம் பிந்திப் புறப்படலாமா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். ஏன் என்றாள். ராகு என்கிற பாம்பைப் பற்றி என்னுடைய சமையலறை ஜெர்மனில் விளங்கப்படுத்தினேன். இந்த ஆற்றில் இருக்கிற பாம்பு ஒன்றும் செய்யாது என்று ஆறுதல் சொல்லிவிட்டு, ஒன்பதரை என்றால் ஒன்பதரைதான் என்றாள்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. ஊரில், நல்ல நேரத்தில் வெளிக்கிட முடியாதவர்கள், அந்த நேரத்துக்கு ஒரு பையைக் கொண்டுபோய் அயல்வீட்டில் வைத்துவிடுவார்கள். பை புறப்பட்டால் ஆள் புறப்பட்ட மாதிரி. பிறகு எந்தக் கூடாத நேரத்திலும் கிளம்பலாம், ராகுவே ஒன்றும் கேட்கமாட்டார்.

"இன்னும் ஒன்பது ஆகேல்லை. பையைப் படகிலை வையுங்கோ. பயணம் துவங்கினதாப் போயிடும்."

தன்னுடைய சட்டத்தையே எடுத்து நீட்டியதும் மனிதரால் மறுக்க முடியவில்லை. கட்லட் பையை வைத்தார். அதற்குமேல் தான் பிரஷருக்குப் போடும் குளிசையை வைத்தார். நனையாமல் இருக்கச் சப்பாத்தையும் கழற்றி வைத்தார். பிறகு சந்தேகம் வந்துவிட்டது.

"கரையிலை கிடந்தால் அது புறப்பட்டதோ? கொஞ்சமெண்டாலும் அசையவேணும்."

"அப்ப தள்ளுங்கோ" என்றேன்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் சொன்ன எதையும் உடனே செய்யாத மனிதர், அன்று இரண்டு கையாலும் தள்ளினார்.

கயிற்றைப் பிடிக்கவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. படகு கரையைவிட்டு வழுக்கி, மெதுவாக ஒருமுறை சுற்றி, நீரோட்டத்தோடு ஷாஃப்ஹவுசன் பக்கம் புறப்பட்டது. நல்ல நேரத்தில்தான்.

"என்ரை குளிசை" என்றார் இவர். வழிகாட்டி ஓடிவந்து தன் படகைத் தண்ணீரில் இழுத்தாள். துரத்துவதற்கு இன்னொரு கை வேண்டும், ஏறு என்று இவரைப் பார்த்துக் கத்தினாள். இவர் காலுறையோடு பாய்ந்து ஏறினார். ஏறும்போது தேவாலய மணி ஒன்பது அடித்துக்கொண்டிருந்தது. ராகு காலம் தொடங்கியதும் முதல் ஆளாக ஆற்றில் இறங்கியவர் இவர்தான்.

நான் துடுப்பும் கையுமாகக் கரையில் நின்றேன். அழுகை வந்தது, அதில் எனக்கு வெட்கமில்லை. இத்தனை வருடம் ஆசைப்பட்ட எனக்குக் கிடைக்காத பயணம், நான் பொரித்த கட்லட்டுக்குக் கிடைத்துவிட்டது.

அதுவரை காலை வணக்கத்துக்குமேல் ஒன்றும் பேசாத சுவிஸ் மனுசி தங்கள் படகிலிருந்து என்னை வரச்சொன்னாள். நடுவில் இருக்கலாம் என்றாள். பிறகு என் கையில் இருந்த துடுப்பைப் பார்த்தாள். எழும்பித் தான் நடுவுக்குப் போய், முன்னிடத்தை எனக்கு விட்டாள்.

முதல் நாலைந்து தரம் துடுப்பை வலித்தபோது தண்ணீர் முழுவதும் என் தலையில்தான் விழுந்தது. பிறகு பிடிபட்டது. அடியில் கிடந்த கல்லெல்லாம் தெரிந்தது. பஸ்ஸிலிருந்து பார்த்தபோது இந்த ஆறு இவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை.

ஒரு வளைவில், கரையில் எங்கள் படகு பத்திரமாகக் கிடந்தது. பக்கத்துப் புல்லில் இவரும் வழிகாட்டியும் இருந்து கட்லட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டியின் மற்றக் கையில் ஒரு றோல்ஸ். கோபம் ஆறியிருந்தது. இவர் எழும்பிக் கை காட்டினார்.

"இஞ்சாலை வாரும். எங்கடை படகு நிக்குது."

நான் துடுப்பை நிறுத்தவில்லை.

"இன்னும் பத்தரை ஆகேல்லை. நீங்கள் ராகு காலம் முடிய ஆறுதலா வாங்கோ. நான் போறன்."

போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லவில்லை. போறன் என்றுதான் சொன்னேன். இவர் கட்லட்டை வாயருகே பிடித்தபடி அப்படியே நின்றார்.

ஷாஃப்ஹவுசன் நெருங்கும்போது கரையோடு பஸ் வந்தது. என்னுடைய பஸ். ஜன்னலோரம் ஒரு பெண், மடியில் கைப்பையோடு இருந்தாள். நான் துடுப்பை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள். பஸ் மறையும்வரை நான் கையை இறக்கவில்லை.