வலக்கை தெரிந்தவர்க்கு, இடக்கை தெரியாதவர்க்கு

ஜிபாரின் பாடக்குறிப்பேட்டில் பக்கத்துக்கு ஐந்து பத்திகள் இருக்கும். அடிக்கோல் வைத்து இழுத்த கோடுகள். நிமிடம், நோக்கம், கருவி, ஆசிரியர் செய்வது ஆகிய நான்கையும் அவள் முதல்நாளே மையால் எழுதிவிடுவாள். ‘மாணவர் செய்வது’ என்னும் ஐந்தாம் பத்தியை மட்டும் வெற்றிடமாக விட்டுவைப்பாள். வகுப்பு முடிந்தபின் பென்சிலால் நிரப்புவாள். பிள்ளை என்ன செய்யும் என்பதைப் பிள்ளை செய்வதற்கு முன்பே எழுதுவது பொய் என்பது அவள் கொள்கை.

நாரின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஓர் ஊர்ப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாகச் சிறு வகுப்புகளுக்கு அவள் இசை கற்பித்துவந்தாள். கலைக்கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்தாள். தாய் படுக்கையில் விழவே மூன்றாம் ஆண்டை முடிக்கவில்லை. கட்டிய கணவன் வேலை தேடி ரஷ்யாவுக்குப் போனான். அங்கேயே வேறொரு குடும்பமும் தேடிக்கொண்டான். ஜிபாருக்கு எஞ்சியவை வாரத்துக்குப் பதினெட்டு இசை வகுப்புகளும், பள்ளிக் கொல்லையில் ஆசிரியர்க்கென்று இருந்த ஓர் அறையும்தான். முன்னது போனால் பின்னதும் போகும்.

அந்தக் குளிர்காலத்தில் இரண்டுமே போகும்போல் இருந்தது. பட்டம் இல்லாத ஆசிரியர்கள் ஆய்வுக்குழுவின் முன் ஒரு திறந்த பாடம் நடத்தித் தகுதிச் சான்று பெற வேண்டும். பெறாதவர்களின் வகுப்புகள் மற்றவர்க்குப் பிரித்துக் கொடுக்கப்படும் என்று மாவட்டத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது.

ஜிபார் கலங்கவில்லை. குறிப்பேட்டைத் திறந்து, மூன்றாம் வகுப்புக்குக் குதிரைநடைப் பாடம் ஒன்றைத் திட்டமிட்டாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு ஆட்டுக் கணுக்கால் எலும்பு. மெதுநடைக்கு ஒரு தட்டு, ஓட்டநடைக்கு இரண்டு, பாய்ச்சலுக்கு மூன்று. எலும்பைத் தட்டிக்கொண்டே அறையைச் சுற்றி நடக்க வேண்டும். அவள் கை உயர்ந்தால் நடை மாற வேண்டும். இறுதியில் எல்லாரும் சேர்ந்து பாட ஒரு பாட்டையும் அவளே கட்டியிருந்தாள்:

மெல்ல ஏறு மலைமேலே, என் செவலைக் குதிரையே,
பனி விலகும், வழி தெரியும், என் செவலைக் குதிரையே.

முதல்முறை நடத்தியபோது வகுப்பு அல்லோலகல்லோலப்பட்டது. இருவர் மோதி விழுந்தார்கள். ஒருவன் பாய்ச்சலில் கதவைத் தாண்டி நடைவழிக்கே போய்விட்டான். மேய்ப்பர் மகள் புருல், எட்டு வயதுச் சிறுமி, கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். ஒரு தட்டுக்கூடப் பிசகவில்லை. ஆனால் அவள் பாடத் தொடங்கினால் தொண்டையிலிருந்து ஆட்டுக்கிடாயின் குரல் கிளம்பும். மெட்டு ஒரு பக்கம் போக, அவள் மறுபக்கம் போவாள். அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. வகுப்பிலேயே உரக்கப் பாடியவள் அவள்தான். ‘புருல் பாடினாள். ஜன்னல் அதிர்ந்தது. மகிழ்ச்சி’ என்று ஐந்தாம் பத்தியில் ஜிபார் பென்சிலால் எழுதினாள்.

மறுநாள் துணைத் தலைமையாசிரியை கான்ஷாயிம் ஆசிரியர் அறையில் எல்லாரும் தேநீர் குடிக்கும் நேரம் பார்த்து வந்து நின்றாள்.

“ஏம்மா ஜிபார், நேத்து நடந்தது இசை வகுப்பா, குதிரைச் சந்தையா?”

“நடை பழகினோம், எஜே. தாளம் காலுக்கு வந்துட்டா அப்புறம் கைக்குத் தானா வரும்.” அக்காவுக்கு எஜே என்பது அவ்வூர் வழக்கு, மூத்த ஆசிரியையையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

“வரும், வரும். ஆய்வுக்குழு வர்றப்போ அவங்க மேலயும் நாலு பேரு வந்து விழுவாங்க. உனக்கு வேலை போனா ஒருத்திக்குப் போச்சு. பள்ளிக்கூடத்துப் பேரு போனா எங்க எல்லாருக்கும்ல போகும்?” கான்ஷாயிம் குறிப்பேட்டை ஆய்வு நாளுக்கான பக்கம் வரை புரட்டினாள். “இதென்ன, அஞ்சாவது பத்தி மொட்டையா இருக்கு?”

“அது வகுப்பு முடிஞ்சப்புறம் எழுதறது, எஜே.”

“கல்யாணம் முடிஞ்சப்புறம் மாப்பிள்ளை பேரை எழுதற மாதிரியா? உன் கல்யாணத்துல அப்படித்தான் எழுதினியோ?”

அறை முழுதும் சிரித்தது. ஜிபார் அன்றே ஐந்தாம் பத்தியை மையால் எழுதினாள்: எந்தப் பிள்ளை எழும், என்ன சொல்லும், எத்தனை தட்டு தட்டும் என்பது வரை.

பிறகு ஒத்திகை. அந்தப் பள்ளத்தாக்கில் திறந்த பாடத்துக்கு ஒத்திகை பார்க்காத ஆசிரியர் எவருமில்லை. கான்ஷாயிமே வந்து பழைய விதியைக் கற்றுக்கொடுத்தாள். கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர் வலக்கை, தெரியாதவர் இடக்கை. ஆசிரியை வலக்கைகளை மட்டுமே எழுப்புவாள். வந்தவர்கள் கண்ணுக்கு ஒரு காடே நிமிர்ந்தாற்போல இருக்கும்.

பாட்டு தொடங்கியது. இரண்டாம் அடியிலேயே கான்ஷாயிம் கையைத் தட்டி நிறுத்தினாள்.

“யாரு அது, பனியில சிக்கின லாரி மாதிரி உறுமறது?”

இருபத்தைந்து தலைகளும் புருல் பக்கம் திரும்பின. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜிபாரும் சிரித்துவிட்டாள். அன்று ஆசிரியர் அறையில் கேட்ட அதே சிரிப்பு தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே கேட்டது.

“இதைச் சரிபண்ணு, ஜிபார். இல்லேன்னா உன் பெட்டியைக் கட்டு” என்று சொல்லிவிட்டுக் கான்ஷாயிம் போனாள்.

ஜிபார் புருலைத் தனியே அழைத்து, முன்னால் குனிந்து உட்கார்ந்து, அன்பாகவே சொன்னாள். “கண்ணு, நீ வாயை மட்டும் அசை. சத்தம் வரக் கூடாது. பெரியவங்க வந்திருக்கறப்போ ஒரு துளிச் சத்தமும் வரக் கூடாது. புரியுதா?”

“தட்டலாமா, எஜே?”

“தட்டலாம்.”

“உள்ளுக்குள்ள பாடலாமா?”

“அது யாருக்குக் கேக்கப்போகுது? பாடிக்கோ.”

புருல் சொன்ன சொல் தட்டாதவள். வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகினாள். ஐந்தாம் ஒத்திகையில் மற்றப் பிள்ளைகள் சலித்துப்போய்க் கொட்டாவி விட்டபோது, மலையேறும் இடத்தில் புருவம் உயர்ந்து, பனி விலகும் இடத்தில் முகம் மலர்ந்து, ஓசையே இல்லாமல் பாடிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆய்வுக்குழுவில் மூவர். தலைவி ரைகான் முப்பது ஆண்டு பணியாற்றிய, நல்ல மனம் படைத்த அம்மையார். பாடம் மைப்பத்தி பிசகாமல் நடந்தது. எவரும் மோதவில்லை, எவரும் கதவைத் தாண்டவில்லை. கேள்விதோறும் கைகள் காடாய் நிமிர்ந்தன. இறுதியில் பாட்டு. ரைகான் அம்மையாரின் கண் வரிசையில் ஓடி ஒரே முகத்தில் நின்றது.

“அந்தக் குழந்தை என்ன ஒரு பாவத்தோட பாடுது! அது தனியா ஒருதடவை பாடட்டுமே, கேப்போம்.”

புருல் எழுந்து நின்றாள். ஜிபாரைப் பார்த்தாள். பெரியவர்கள் வந்திருந்தார்கள், கட்டளை தெளிவாக இருந்தது. வாயைத் திறந்து பாட்டு முழுவதையும் இரண்டடியும் பிசகாமல் ஓசையின்றிப் பாடினாள். அறையில் அடுப்புக்கரி வெடிக்கும் சத்தம் மட்டுமே கேட்டது.

“ஏன்டா கண்ணு, சத்தத்தைக் காணோம்?”

புருல் சிரித்தாள். சுவரோரம் நின்ற கான்ஷாயிம் கண்ணாலேயே ஜிபாரின் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்தக் குழந்தைக்குப் பேச்சு வராதுங்க” என்றாள் ஜிபார். சொல் வாயைவிட்டுப் போனபின்தான் அது என்ன சொல் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் பத்தொன்பது ஆண்டுப் பழக்கம் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டது. “என்ன பசங்களா, புருலுக்குப் பேச்சு வராதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்தானே?”

கேள்வி என்றால் கை. இருபத்தைந்து வலக்கைகள் ஒன்றாக நிமிர்ந்தன.

நின்றுகொண்டிருந்த புருல் சுற்றிலும் பார்த்தாள். சற்று யோசித்தாள். பிறகு இடக்கையை உயர்த்தினாள்.

ரைகான் அம்மையாரின் கண்கள் கலங்கின. “பேச்சு வராத பிள்ளையையும் ஒதுக்காம, தாளத்தால வகுப்போட சேர்த்திருக்கீங்களே அம்மா” என்று ஜிபாரின் கையைப் பற்றிக்கொண்டார். அதையே அறிக்கையிலும் எழுதினார். மாவட்டத்திலேயே உயர்ந்த தகுதிச் சான்று ஜிபாருக்குக் கிடைத்தது. அறிக்கையின் அடியில், அந்த அம்மையாரின் நல்ல மனம் இன்னொரு வரியையும் சேர்த்திருந்தது: சிறுமியை மருத்துவரிடம் காட்டி, பேச்சற்றோர் விடுதிப் பள்ளிக்கு அனுப்ப ஆவன செய்க.

மூன்று வாரம் கழித்துப் புருலின் தந்தை எசன்பெக் குதிரையில் வந்தார். மகளைக் குதிரைமேலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எலும்புகளோடு வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

“எஜே, இவ வீட்டுல பேசறா. பேச்சுன்னா சாதாரணப் பேச்சு இல்லை. மந்தை நடுவுல நின்னு கத்தினா எதிர்மலைக்காரன் திட்டறான். டாக்டர் முன்னால கொண்டுபோய் நிறுத்தினா வாயை மட்டும் அசைக்கறா. கேட்டா, பெரியவங்க இருக்கறப்போ சத்தம் வரக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாம். டாக்டரு காகிதத்துல எழுதிட்டாரு. திங்கக்கிழமை விடுதிக்கு வண்டி வருது. நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க, பேசற பிள்ளைதான்னு. ஒரு வரி போதும்.”

ஒரு வரிதான். அந்த ஒரு வரி ரைகான் அம்மையாரின் மேசைக்குப் போகும். பதினெட்டு வகுப்பும் ஓர் அறையும் அதோடு போகும்.

“நான் என்ன டாக்டரா, பைக்கே?” என்றாள் ஜிபார், அண்ணன் முறை வைத்து, மிகுந்த மரியாதையோடு. “காகிதம் வந்தப்புறம் நான் எழுதறதுக்கு என்ன மதிப்பு இருக்கு? அங்க நல்லாப் பாத்துப்பாங்க. சூடா சாப்பாடு போடறாங்க.”



“எங்க வீட்டுலயும் சூடாத்தான் இருக்கும்” என்றார் எசன்பெக். தொப்பியை அணிந்துகொண்டு போய்விட்டார்.

குதிரை முற்றத்தைக் கடந்து சாலையில் திரும்பியது. அப்போது சாலையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. கரகரத்த, மெட்டுக்குள் அடங்காத, ஆட்டுக்கிடாயின் குரல். மெல்ல ஏறு மலைமேலே, என் செவலைக் குதிரையே. தாளம் மட்டும் ஒரு குளம்படிகூடப் பிசகவில்லை. ஜன்னல் கண்ணாடி இலேசாக அதிர்ந்தது.

வட்டம் நின்றுவிட்டது. எலும்புகள் கைகளில் அசையாதிருந்தன.

“எஜே…” என்று ஒரு குரல் தொடங்கியது.

“யாரு பாடறாங்கன்னு இங்க யாருக்காவது தெரியுமா?” என்றாள் ஜிபார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு எல்லாமாக, இருபத்தைந்து இடக்கைகள் உயர்ந்தன.

“மெதுநடை” என்றாள் ஜிபார். எலும்புகள் தட்டத் தொடங்கின. அன்றைய ஐந்தாம் பத்தி முதல்நாளே மையால் எழுதப்பட்டிருந்தது. அதில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.