ஒன்பது மணி வெயிலில் அக்கா

எங்கள் அக்கா போய் இன்றுடன் முப்பத்தொரு நாள் ஆகிறது. இந்த நினைவு மலரை அச்சிடுபவர், பிறந்த தேதிக்குப் பக்கத்தில் மற்றத் தேதியையும் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அதை நான் இன்னும் நம்பவில்லை.

அது ஒரு வியாழக்கிழமை. தரம் நான்கில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒன்பதரை மணியளவில் அதிபர் வகுப்பு வாசலுக்கு வந்து தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். ஹட்டன் டவுனில் அக்கா வேலை செய்த பாமசி மருந்துக்கடையின் முதலாளி பேசினார்.

“டீச்சர், கொஞ்சம் ஆஸ்பத்திரிக்கு வாறீங்களா? அக்கா கடையில விழுந்துட்டாங்க.”

“எங்க அடிபட்டுச்சு? கால்லயா?”

“நீங்க வாங்க டீச்சர்.”

அதிபர் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். அக்கரப்பத்தனைப் பக்கத்திலுள்ள என் பாடசாலையிலிருந்து ஹட்டன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வழியெல்லாம், காலில் கட்டுப் போட்டுவிட்டால் இரண்டு மாதத்துக்கு யார் சமைப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைத்தான் யோசித்தேன்.

அங்கே ஒரு தாதி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “கொண்டு வரும்போதே முடிஞ்சிருச்சு டீச்சர். இருதயம்” என்றார். நான் அவரோடு வாதாடினேன். “இல்ல மிஸ், காலையில என்கூட டீ குடிச்சாங்க. வேற யாரையோ சொல்றீங்க” என்றேன். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். அக்காவின் வலது கைச் சுட்டுவிரலில் நீல மை இருந்தது. அதற்குப் பிறகும், வெளியே வந்து முதலாளியிடம், “அக்கா எப்ப எழும்புவாங்கன்னு சொன்னாங்களா?” என்று நான் கேட்டதாக அவர் பின்னால் சொன்னார். எனக்கு அது நினைவில் இல்லை.

அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவர் அல்ல. முப்பது வருடம் ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுத்தவர், தன் பிரஷரை ஒரு தடவையும் பார்த்ததில்லை.

அக்கா மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அக்கா ஏ.எல். உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா நோயில் படுத்து, எழும்பாமலே போய்விட்டார். அக்கா படிப்பை நிறுத்திவிட்டு, பத்தொன்பது வயதில் ஹட்டனுக்கு வேலைக்கு வந்தார். நானும் தம்பியும் அதனால் படித்தோம். நான் ஆசிரியையானேன். தம்பி கொழும்பில் கணக்காளராக இருக்கிறான். இதை அக்கா ஒரு நாளும் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை.

அவர் படம் போடத் தொடங்கியது மருந்து உறையில்தான். தோட்டங்களிலிருந்து வரும் பலருக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே காலையில் போட வேண்டிய குளிசைக்குப் பாதிச் சூரியனையும், மத்தியானக் குளிசைக்கு முழுச் சூரியனையும், இரவுக்கு நிலாவையும் அக்கா உறையில் வரைந்து கொடுப்பார். ஒரு முறை ஒரு அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “இது காலையில வார சூரியனா, அந்தியில போறதா? ரெண்டும் ஒரே மாதிரியா இருக்கும் தங்கச்சி?”

அக்கா மறுநாள் கடை திறந்ததிலிருந்து வெளியே பார்க்கத் தொடங்கினார். அந்தக் கடை பிரதான வீதியைப் பார்த்தபடி இருக்கிறது. காலை எட்டு மணிக்கு வீதியில் பனிமூட்டம்தான் இருக்கும். பஸ்ஸின் விளக்கு மட்டும் மஞ்சளாக வரும். ஒன்பது மணியளவில் எதிர்க் கட்டடத்தின் தகரக் கூரைக்கு மேலே வெயில் ஏறி, வீதியின் நடுவில் இறங்கும். ஈரத் தார் மினுங்கும். மூட்டை தூக்கும் நாட்டாமியின் முதுகில் ஆவி பறக்கும். பஸ்ஸில் தொங்கும் கண்டக்டரின் காதுமடல் சிவப்பாகத் தெரியும். கிளினிக்குக்கு வந்த தாய், கைக்குழந்தையின் கண்ணில் வெயில் படாமல் முந்தானையைப் பிடிப்பார். இதெல்லாம் அக்கா எனக்குச் சொன்னவை. அதே வீதியில் நானும்தான் தினமும் பஸ் ஏறினேன். எதையும் நான் பார்த்ததில்லை.

“தோட்டத்துல இல்லாத வெயிலா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“தோட்டத்துல வெயில் அடிக்கிற நேரம் எல்லாரும் மலையில நிப்பாங்க, புள்ள. நான் இருட்டுக் காம்பராவுல ஒங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டு இருப்பேன். அம்மா மூஞ்சில வெயில் எப்படி விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. டவுனுக்கு வந்துதான் மனுசர வெயில்ல பார்த்தேன்.”

பழைய மருந்துப் பெட்டிகளைப் பிரித்தால் உள்பக்கம் வெள்ளையாக இருக்கும். அந்த அட்டையில் நீலப் பேனாவால் கோடு போட்டு, சிறுவர்கள் பாவிக்கும் வர்ணப் பெட்டியால் சாயம் பூசுவார். ஆள் இல்லாத நேரத்தில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம். முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். அட்டைகளை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு சாக்கில் போட்டு வைப்பார். சாக்கு இரண்டாயிற்று.

இனி எழுதப்போவதைத் தம்பி வேண்டாம் என்றான். நினைவு மலரில் இதெல்லாம் எழுதுவார்களா என்று கேட்டான். எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் நாங்கள் வாடகை வீடு மாறினோம். மழைக்காலம். சாமான் கட்டியது நான்தான். அந்த இரண்டு சாக்கையும் நகரசபைக் குப்பை டிராக்டர் வந்தபோது தூக்கிக் கொடுத்தேன். தெரியாமல் செய்ததல்ல. உள்ளே படங்கள் இருப்பது எனக்குத் தெரியும். ஈர அட்டை, கரப்பான் பூச்சி வரும் என்று நினைத்தேன். சாயந்தரம் அக்கா புது வீட்டுக்கு வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார்.

“அந்த ரெண்டு சாக்கும் எங்க புள்ள?”

“அட்டைதானே அக்கா, குப்பை வண்டியில போட்டேன்.”

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தார். “சரி விடு. நான் சொல்லி வச்சிருக்கணும்” என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு அட்டையும் வீட்டுக்கு வரவில்லை. படம் போடுவதை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். விட்டது நல்லது என்றுகூட நினைத்தேன்.

அக்காவை வீட்டில் கொண்டுவந்து வைத்த அன்று பிற்பகல், பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கும் ஒருவர் வந்தார். சட்டைக்குள்ளிருந்து பொலித்தீன் பையில் சுற்றிய அட்டை ஒன்றை எடுத்து, அக்காவின் காலடியில் வைக்கப்போனார். நான் வாங்கிப் பார்த்தேன். மாவு மூட்டை சுமந்தபடி அவர். முதுகிலும் பிடரியிலும் வெயில்.

“இது எங்க அக்கா போட்டதா?”

“ஆமா டீச்சர். மூணு வருசம் முன்ன. யாரப் போடுறாங்களோ அவங்க கையிலயே குடுத்துருவாங்க. எனக்கு ஐடென்டிகார்ட்டத் தவிர வேற படமே இல்ல.”

அதற்குப் பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு கண்டக்டர், கிளினிக்குக்கு வந்த தாய் ஒருவர், வீதி கூட்டும் இரண்டு பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை. சிலர் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்திருந்தார்கள். வெற்றிலை விற்கும் சிங்கள அம்மா ஒருவர் தன் படத்தைக் கொண்டுவரவில்லை, அவருடைய மகனின் படத்தைக் கொண்டுவந்தார். வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு இளைஞன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். “மகே புதா” என்று மகனைத் தொட்டுக் காட்டினார். பிறகு எனக்காகத் தமிழில் சொன்னார்: “இப்ப இல்ல மகள். எக்சிடன். இந்தச் சிரிப்பு போட்டோவுல இல்ல. நங்கி, உங்க அக்காதான் போட்டது.”

இருபது வருடத்துக்கு மேல் ஒன்றாகவே இருந்தோம். ஒரே அடுப்பில் சாப்பிட்டோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா வரைவதை விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவருவதைத்தான் விட்டிருந்தார். நான் செய்ததற்குப் பிறகு படங்களை வைக்க அவருக்கு வீட்டில் இடம் இல்லாமல் போய்விட்டது. அழக்கூட முடியாமல் அந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தவர்கள் அவற்றை அக்காவைச் சுற்றிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்கள். எத்தனை என்று எண்ணவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த மறுவாரம் பாமசிக்குப் போனேன். அக்காவின் குடையும் மூக்குக் கண்ணாடிக் கூடும் அங்கே இருந்தன. முதலாளி கடைசி அட்டையையும் கொடுத்தார். அதில் எதிர்க் கட்டடத்தின் கூரையும், வீதியில் வெயில் விழ வேண்டிய இடமும் மட்டும் கோட்டில் இருந்தன. ஆள் இன்னும் வரையப்படவில்லை. கோடு போட்டுக்கொண்டிருந்தபோதுதான் விழுந்திருக்கிறார்.

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. வந்த படங்கள் எல்லாவற்றையும் நான் ஒன்று விடாமல் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் நான் இல்லை.

“அக்கா என்னைப் போடவே இல்லையா?”

முதலாளி சொன்னார்: “நானும் ஒரு நாள் கேட்டேன் டீச்சர். ஊரெல்லாம் போடுறீங்களே, தங்கச்சிய ஏன் போடல்லன்னு. அதுக்கு அவங்க, ‘அவள எங்க வெயில்ல பார்க்கிறது மொதலாளி? விடியமுன்ன போறா, டியூசன் எல்லாம் முடிச்சு இருட்டினப் பெறகு வாறா. ஞாயித்துக்கெழமையும் கிளாஸ். ஒரு நாளைக்குக் கடைப் பக்கம் வந்தான்னா போட்டுருவேன்’னு சொன்னாங்க.”

அக்கா என்னை எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார். “ஒரு லீவுக்குக் காலையில கடைக்கு வாயேன் புள்ள, சும்மா” என்பார். எனக்கு நேரம் இல்லை என்பேன். எதற்குக் கூப்பிடுகிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

போன வாரம் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் பாமசிக்கு எதிரே வீதியில் போய் நின்றேன். பனி விலகி வெயில் வந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். கடைக்குள்ளே அக்கா நிற்கும் இடத்தில் புதிதாக வந்த பெண் மருந்து எண்ணிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

செய்தி கேட்டவுடன் வேலையை விட்டு ஓடி வந்தவர்களுக்கும், பந்தல் போட்டு, தேநீர் ஊற்றி, மூன்று நாளும் எங்களைச் சாப்பிட வைத்த அயல் வீட்டாருக்கும், மஸ்கெலியாவிலிருந்து பஸ் பிடித்து வந்த தோட்டத்து உறவுகளுக்கும், என் பாடசாலை அதிபருக்கும் ஆசிரியர்களுக்கும், அக்காவைத் தன் கையால் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன முதலாளிக்கும், முப்பது வருடமாக அவரை வெளியே பார்க்க விட்டதற்காக மீண்டும் முதலாளிக்கும், எங்கள் குடும்பம் கைகூப்பி நிற்கிறது.

கடைசியாக, அக்காவின் படம் வைத்திருப்பவர்களுக்கு. அவற்றை எங்களிடமே தந்துவிடுவதாகச் சிலர் வந்தீர்கள். வேண்டாம். அக்கா அவற்றை உங்களுக்குத்தான் தந்தார். மழை தொடங்கப்போகிறது, ஈரம் படாமல் வையுங்கள். எனக்குப் பார்க்க வேண்டும் போல இருந்தால் நானே உங்கள் வீடு தேடி வருவேன். பகலில் வருவேன்.

— தங்கை,
ஹட்டன்